லேப்டாப்பிலிருந்து ஆறு வாய்க்கால்: வெளி சவுண்ட் கார்டும் 5.1 ஒலியும்

வீட்டில் ஒரு பழைய 5.1 ஸ்பீக்கர் செட் தூசி படிந்து கிடக்கிறது. டெஸ்க்டாப் இருந்த காலத்தில் வாங்கியது. இப்போது டெஸ்க்டாப் இல்லை, லேப்டாப்தான். ஸ்பீக்கரின் பின்னாலிருந்து பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று பின்கள் தொங்குகின்றன. லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் ஹெட்போன் மாட்டுகிற ஓட்டை ஒன்றே ஒன்றுதான். பச்சையைச் செருகினால் முன்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர்கள் பாடுகின்றன. மற்றவை வாயைத் திறப்பதில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு கடைக்குப் போய், ஒரு ஓட்டையை மூன்றாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வாங்கி வந்தேன். மூன்று பின்னையும் அதில் செருகினேன். எல்லா ஸ்பீக்கரிலும் சத்தம் வந்தது. பெருமையாகக்கூட இருந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு படம் பார்க்கும்போதுதான் உறைத்தது: முன்னால் கேட்பதேதான் பின்னாலும் கேட்கிறது. நடு ஸ்பீக்கரில் இடப்பக்கத்துச் சத்தம், வூஃபரில் வலப்பக்கத்துச் சத்தம். ஆறு பேர் சேர்ந்து இரண்டு பேருடைய பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

வெளி சவுண்ட் கார்டு எதற்கு, எப்போது வேண்டும், எப்போது வேண்டவே வேண்டாம் என்பது எல்லாமே இந்த ஒரு தவறுக்குள் அடங்கிவிடுகிறது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

சேனல் என்றால் வாய்க்கால்

ஒலியைப் பற்றிப் பேசும்போது சேனல் சேனல் என்கிறார்களே, அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் வாய்க்கால்தான். இந்த விஷயத்தில் அந்தப் பொருளே நன்றாகப் பொருந்துகிறது. ஒரு கண்மாய்க்கு ஆறு மடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மடையிலிருந்தும் தனி வாய்க்கால், ஒவ்வொரு வாய்க்காலும் தனி வயலுக்கு. இடையில் எங்காவது ஆறு வாய்க்காலையும் இரண்டாகச் சேர்த்துவிட்டால், அதற்கப்பால் எத்தனை கிளை வெட்டினாலும் ஓடுவது அந்த இரண்டு வாய்க்கால் தண்ணீர்தான். என் ஸ்ப்ளிட்டர் செய்தது அதைத்தான்.

5.1 என்றால் ஆறு வாய்க்கால்: முன் இடது, முன் வலது, நடு, பின் இடது, பின் வலது. இது ஐந்து. அந்தப் புள்ளி ஒன்று, அடித்தொண்டைச் சத்தத்துக்கு மட்டுமான தனி வாய்க்கால். வெடி, இடி, விமான உறுமல் மாதிரியானவை அதில் வரும். அது சுமார் 120 ஹெர்ட்ஸ் வரைதான் போகும், முழு அகலம் கிடையாது. அதனால்தான் அதை ஆறாவது என்று எண்ணாமல் புள்ளி ஒன்று என்று ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள்.

நடு வாய்க்கால் அசட்டையாக விடக்கூடியதல்ல. சினிமாவில் வசனம் பெரும்பாலும் அதில்தான் வரும். பின்னால் ஒரு கோளாறைக் கண்டுபிடிக்க இது உதவும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, லேப்டாப்பில் ஏன் இரண்டுதான்? ஹெட்போன் பின்னை எடுத்து உற்றுப் பாருங்கள். உலோகத் தண்டில் சின்னச் சின்ன வளையக் கோடுகள் இருக்கும். இரண்டு கோடு என்றால் உலோகம் மூன்று துண்டாகப் பிரிந்திருக்கிறது: இடது, வலது, எர்த். மூன்று கோடு என்றால் நான்கு துண்டு, கூடுதலாக வந்திருப்பது மைக். லேப்டாப்பில் இருக்கும் ஓட்டை இந்த நான்கு துண்டு ரகம். அதாவது வெளியே போகிற ஒலிக்கு இரண்டு துண்டுதான் ஒதுக்கியிருக்கிறார்கள். எந்தச் செட்டிங்கை மாற்றினாலும், எந்த சாஃப்ட்வேரைப் போட்டாலும் அந்த ஓட்டை வழியாக மூன்றாவது வாய்க்கால் வராது, வர இடமே இல்லை.

ஒரு 3.5 எம்எம் பின் இரண்டு வாய்க்கால் தூக்கும் என்றால், ஆறுக்கு மூன்று பின் வேண்டும். ஸ்பீக்கரின் பின்னால் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு மூன்றும் தொங்குவதற்குக் காரணம் இதுதான். பச்சை முன் ஜோடி, கறுப்பு பின் ஜோடி, ஆரஞ்சு நடுவும் வூஃபரும். மைக்ரோசாஃப்ட்டும் இன்டெலும் சேர்ந்து கொண்டுவந்த பிசி 99 என்ற வரையறையை ஒட்டி வந்த வண்ணங்கள் இவை. அதற்கு முன்பு ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குச் செய்துகொண்டிருந்தது.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

சவுண்ட் கார்டு என்றதும் ஏதோ ஒலியைச் சிறப்பாக்கும் கருவி என்று பலர் நினைக்கிறார்கள். விளம்பரங்களும் அப்படித்தான் பேசுகின்றன. உண்மையில் அதன் வேலை மொழிபெயர்ப்பு. கம்ப்யூட்டருக்குள் ஒலி வெறும் எண்களாக இருக்கிறது. சினிமா ஒலித்தடத்தில் ஒரு வாய்க்காலுக்கு ஒரு நொடிக்கு 48,000 எண்கள். அந்த எண்களை ஏறி இறங்கும் மின்னழுத்தமாக மாற்றிக் கொடுத்தால்தான் ஆம்ப்ளிஃபையருக்குப் புரியும். அதைச் செய்கிற பகுதியை டாக் என்பார்கள். ஒரு வாய்க்காலுக்கு ஒரு டாக் வேண்டும். லேப்டாப்பின் ஓட்டைக்குப் பின்னால் இருப்பது இரண்டு. வெளி கார்டில் ஆறோ எட்டோ இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

லேப்டாப்பிலிருந்து அந்தக் கார்டுக்கு எண்கள் போவது யூஎஸ்பி வழியாக. இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணக்கு பிடிக்காதவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

மலிவான கார்டுகள் பலவும் யூஎஸ்பியின் பழைய வேகத்தில் ஓடுபவை. அந்த வேகத்தில் ஒலிக்கு மில்லி நொடிக்கு ஒரு பொட்டலம், ஒரு பொட்டலத்தில் அதிகபட்சம் 1,023 பைட். ஒரு மில்லி நொடியில் ஒரு வாய்க்காலுக்கு 48 எண்கள். 16 பிட் என்றால் ஒவ்வொரு எண்ணும் 2 பைட். ஆறு வாய்க்காலுக்கு 48 × 2 × 6, மொத்தம் 576 பைட். தாராளமாக அடங்கும். எட்டு வாய்க்காலுக்கு 768, அதுவும் அடங்கும். 24 பிட்டில் ஆறு வாய்க்கால் என்றால் 864, இதுவும் சரி. 24 பிட்டில் எட்டு என்றால் 1,152. அடங்காது. ஆறு வாய்க்காலை 16 பிட்டிலேயே 96 கிலோஹெர்ட்ஸில் அனுப்பினாலும் அதே 1,152 வந்து நிற்கும். இதற்கு மேல் போக வேகமான யூஎஸ்பியும், யூஎஸ்பி ஆடியோ இரண்டாம் வரையறையைப் பின்பற்றும் கார்டும் வேண்டும். ஆனால் வீட்டில் படம் பார்க்க 48 கிலோஹெர்ட்ஸும் 16 பிட்டும் போதும். படத்தின் ஒலித்தடமே 48-இல்தான் இருக்கிறது. அதை 96 ஆக்கிக் கேட்பது, டீயை பெரிய டம்ளரில் ஊற்றிக் குடிப்பது மாதிரி. டீயின் அளவு கூடிவிடாது.

டிரைவர் என்ற தலைவலி இந்தப் பெட்டிகளில் முன்புபோல் இல்லை. யூஎஸ்பி ஆடியோ என்பது பொது வரையறை என்பதால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுமே செருகியவுடன் அடையாளம் கண்டுகொள்ளும். இரண்டாம் வரையறைக்கான டிரைவரை விண்டோஸ் 2017-இல்தான் தன்னோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியது. மிகப் பழைய விண்டோஸ் வைத்திருப்பவர்கள் மட்டும் அதைக் கவனித்தால் போதும்.

ஓட்டைகளை எண்ணுங்கள்

இப்போது கடைக்குப் போகலாம். இங்கேதான் எனக்கு இரண்டாவது அடி விழுந்தது. ஸ்ப்ளிட்டர் கதை முடிந்த பிறகு, பென் டிரைவ் அளவில் ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கினேன். சில நூறு ரூபாய். அட்டையில் கொட்டை எழுத்தில் 7.1 என்று போட்டிருந்தது. 5.1 கேட்டவனுக்கு 7.1 கிடைத்தால் விடுவேனா? வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் அதில் இரண்டே ஓட்டை. ஒன்று ஹெட்போன், ஒன்று மைக்.

ஹெட்போன் ஓட்டை ஒன்று என்றால் வாய்க்கால் இரண்டுதான். அப்புறம் அந்த 7.1 எங்கிருந்து வந்தது? அதைப் பாவனைச் சரவுண்ட் என்று சொல்லலாம். எட்டு வாய்க்கால் ஒலியை சாஃப்ட்வேரில் வாங்கி, பின்னாலிருந்து வரும் சத்தம் காதில் எப்படி விழுமோ அதுபோல் கொஞ்சம் தாமதம், கொஞ்சம் தொனி மாற்றம் சேர்த்து, இரண்டு வாய்க்காலாகக் கலந்து ஹெட்போனுக்கு அனுப்புவார்கள். ஹெட்போனில் கேட்க இது மோசமில்லை, விளையாட்டுப் பிரியர்களுக்குப் பயன்படவும் செய்கிறது. இரண்டே ஸ்பீக்கர் உள்ள லேப்டாப்பில் ஒட்டியிருக்கும் டால்பி அட்மாஸ் ஸ்டிக்கரும் இதே வகைதான். ஆனால் வீட்டில் இருக்கும் ஆறு ஸ்பீக்கருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அதனால் அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் படிக்காதீர்கள், ஓட்டைகளை எண்ணுங்கள். மைக், லைன் இன் ஆகிய உள்ளே வரும் ஓட்டைகளைக் கழித்துவிட்டு, வெளியே போகும் ஓட்டைகள் மட்டும். மூன்று இருந்தால் 5.1. நான்கு இருந்தால் 7.1. ஒன்று இருந்தால் ஸ்டீரியோ, அட்டையில் 17.1 என்று போட்டிருந்தாலும் ஸ்டீரியோ. சில பெட்டிகளில் முன் ஜோடிக்கு 3.5 எம்எம் ஓட்டைக்குப் பதிலாக வெள்ளை, சிவப்பு என இரண்டு ஆர்சிஏ (டிவிடி பிளேயரின் பின்னால் இருக்குமே, அந்த வட்ட ஓட்டை) இருக்கும். அந்த இரண்டையும் சேர்த்து ஓர் ஓட்டை என்று எண்ணிக்கொள்ளலாம். ஹெட்போனுக்கென்று தனி ஓட்டை இருந்தால் அது பெரும்பாலும் முன் ஜோடியின் நகல், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

உண்மையான ஆறு வாய்க்கால் பெட்டிகள் உள்ளங்கை அளவில் இருக்கும். பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகள் பலவற்றுக்குள் தைவானின் சி-மீடியா நிறுவனத்தின் சிஎம்6206 சிப் இருக்கிறது. ரொம்பப் பழைய சிப், ஆனால் வேலை செய்யும். பெயர் தெரிந்த பெட்டி வேண்டுமென்றால் கிரியேட்டிவ் நிறுவனத்தின் சவுண்ட் பிளாஸ்டர் ஆம்னி சரவுண்ட் 5.1, ஆசுஸ் ஸோனார் யூ7 மாதிரியானவை. சவுண்ட் பிளாஸ்டர் என்ற பெயர் 1989-இல் சிங்கப்பூரிலிருந்து கிளம்பி உலகம் முழுக்கப் பரவியது. ஒரு காலத்தில் கம்ப்யூட்டரில் சத்தம் என்றாலே அந்தப் பெயர்தான். விலையுயர்ந்த பெட்டியில் பின்னணி இரைச்சல் குறைவு, வால்யூம் குமிழ் இருக்கும், ஆப்டிகல் ஓட்டை இருக்கும். வாய்க்கால் எண்ணிக்கை என்னவோ அதேதான். தூசி தட்டி எடுத்த பழைய செட்டுக்கு மலிவுப் பெட்டி போதும் என்பது என் கருத்து. நல்ல ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் வைத்திருப்பவருக்கு அந்த இரைச்சல் உறுத்தும், அவர் காசு போட வேண்டியதுதான்.

கார்டு வாங்கும் முன் ஸ்பீக்கரின் முதுகைப் பாருங்கள்

இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஆறு வாய்க்கால் வெளியே விடும் கார்டு இருந்து பயனில்லை, வாங்கிக்கொள்ளும் பக்கமும் ஆறைத் தனித்தனியாக வாங்க வேண்டும். நம் ஊரில் 5.1 என்ற பெயரில் விற்கும் செட்டுகளில் பலவற்றின் முதுகில் உள்ளே வர ஒரே ஒரு ஆக்ஸ் இருக்கும். கூடவே ப்ளூடூத், எஃப்எம், பென் டிரைவ். அந்தச் செட் ஸ்டீரியோவை வாங்கித் தனக்குள்ளேயே ஆறாகப் பரப்புகிறது. அதற்கு எந்தச் சவுண்ட் கார்டு வாங்கினாலும் வீண். ப்ளூடூத்திலும் நம்பிக்கை வைக்காதீர்கள், பாட்டு கேட்கும் வழக்கமான ப்ளூடூத் ஸ்டீரியோவோடு நின்றுவிடும்.

தேட வேண்டியது இரண்டில் ஒன்று. மூன்று வண்ண 3.5 எம்எம், அல்லது ஆறு ஆர்சிஏ. ஆறு ஆர்சிஏ உள்ள ஹோம் தியேட்டர்களுக்கும், லோக்கலில் அசெம்பிள் செய்த 5.1 ஆம்ப்ளிஃபையர்களுக்கும் ஒரு பக்கம் ஸ்டீரியோ பின், மறுபக்கம் இரண்டு ஆர்சிஏ உள்ள கேபிள் மூன்று வாங்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ சாதாரணமாகக் கிடைக்கும். பச்சையிலும் கறுப்பிலும் வெள்ளை இடது, சிவப்பு வலது. ஆரஞ்சில் வழக்கமாக வெள்ளை நடு, சிவப்பு வூஃபர். மாறிவிட்டால் ஆபத்தில்லை, கேட்டவுடன் தெரிந்துவிடும்: ஆள் பேசுவது குடத்துக்குள்ளிருந்து பேசுவது மாதிரி வூஃபரில் கேட்கும்.

செட்டின் முதுகில் எச்டிஎம்ஐ இருந்தால்? அப்படியானால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு ஒரு எச்டிஎம்ஐ கேபிள் வாங்கப் போகலாம். எச்டிஎம்ஐ எட்டு வாய்க்காலைக்கூட எண்களாகவே கொண்டுபோகும். மொழிபெயர்ப்பை ஏவி ரிசீவர், அதாவது செட்டின் ஆம்ப்ளிஃபையர் பெட்டி, பார்த்துக்கொள்ளும். லேப்டாப்பில் எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தால் அதிலிருந்து நேராக ரிசீவருக்கு, ரிசீவரிலிருந்து டிவிக்கு. இந்த வரிசை முக்கியம். லேப்டாப்பிலிருந்து டிவிக்கும், டிவியிலிருந்து ஹோம் தியேட்டருக்கும் என்று சுற்றிவிட்டால், நடுவில் டிவி பல நேரம் ஆறை இரண்டாக்கி அனுப்பிவிடும்.

முதுகில் ஆப்டிகல் மட்டும் இருந்தால் கொஞ்சம் விளக்கம் வேண்டும். சிவப்பு வெளிச்சம் வருமே, அந்த ஓட்டை. அதன் வழியாகச் சுருக்காத ஒலி இரண்டு வாய்க்கால்தான் போகும். அதே அகலத்துக்குள் டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் முறையில் சுருக்கிய ஆறு வாய்க்கால் போய்விடும். கணக்கு எளிது: சுருக்காத ஸ்டீரியோ நொடிக்கு 1,536 கிலோபிட். டிவிடியில் டால்பி டிஜிட்டல் 5.1 வருவது அதிகபட்சம் 448 கிலோபிட்டில். ஆகவே டால்பி டிஜிட்டலோ டிடிஎஸ்ஸோ உள்ள படத்தை, பிரிக்காமல் அப்படியே அனுப்பு என்று பிளேயரில் சொல்லிவிட்டால் ஆறும் கிடைக்கும். விளையாட்டுகளுக்கு இது நடக்காது. அவற்றின் ஒலி அந்தந்த நொடியில் உருவாகிறது, அதை உடனுக்குடன் சுருக்கிக் கொடுக்கும் வசதி கார்டில் இருந்தால்தான் உண்டு. ஆறு ஆர்சிஏ ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவர்கள் ஆப்டிகலுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே டிகோடர் என்று ஒரு பெட்டி வைப்பார்கள். அது இந்தச் சுருக்கத்தைப் பிரித்து ஆறாகக் கொடுக்கும்.

மாட்டியாயிற்று, சத்தம் இன்னும் இரண்டில்தான்

கார்டைச் செருகி, மூன்று பின்னையும் வண்ணம் பார்த்து மாட்டிய பிறகும் முன்னால் மட்டும்தான் பாடும். பயப்பட வேண்டாம். விண்டோஸ் புதிய கார்டைக் கண்டால் பெரும்பாலும் முதலில் அதை ஸ்டீரியோ என்றே எடுத்துக்கொள்ளும். ஆறு ஸ்பீக்கர் இருப்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய்க் கீழே இறங்கினால் மோர் சவுண்ட் செட்டிங்ஸ் என்று இருக்கும். அதை அழுத்தினால் பழைய காலத்துச் சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் பிளேபேக் என்ற பகுதியில் புதிய யூஎஸ்பி கார்டைத் தேர்ந்தெடுத்து முதலில் டிஃபால்ட் ஆக்குங்கள். பிறகு கான்ஃபிகர். வரும் பட்டியலில் 5.1 சரவுண்டைத் தேர்ந்தெடுத்து டெஸ்ட் அழுத்தினால் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சத்தம் போகும். திரையில் எந்த ஸ்பீக்கர் மின்னுகிறதோ அறையில் அந்த ஸ்பீக்கர் பேச வேண்டும். சில கார்டுகளில் பட்டியலில் 5.1 இரண்டு முறை இருக்கும். ஒன்றில் பின் ஜோடி உண்மையிலேயே பின்னால் வரைந்திருக்கும், மற்றதில் பக்கவாட்டில். எட்டு வாய்க்கால் கார்டில் பக்கவாட்டைத் தேர்ந்தெடுத்தால் ஒலி கறுப்பு ஓட்டைக்குப் போகாமல் சாம்பல் நிற ஓட்டைக்குப் போய்விடலாம். பின்னால் மட்டும் சத்தம் இல்லை என்றால் இதைப் பாருங்கள்.

மேக்கில் ஆடியோ மிடி செட்டப் என்ற செயலியில் கான்ஃபிகர் ஸ்பீக்கர்ஸ். லினக்ஸில் பல்ஸ்ஆடியோ வால்யூம் கன்ட்ரோலைத் திறந்து, கான்ஃபிகரேஷன் பகுதியில் அனலாக் சரவுண்ட் 5.1 அவுட்புட்.

டெஸ்டில் ஆறும் பேசிவிட்டால் வயரிங் சரி, கார்டு சரி. இனிமேல் வரும் குறை எல்லாம் கண்மாயில்தான். அதாவது, நீங்கள் போடும் ஃபைலில் ஆறு வாய்க்கால் இருக்கிறதா என்பதில். எம்பி3 பாட்டு ஸ்டீரியோ. கம்ப்யூட்டரில் யூட்யூப் பெரும்பாலும் ஸ்டீரியோ. ஓடிடி தளங்களில் படத்தின் பெயருக்குக் கீழே 5.1 என்று போட்டிருக்கும், ஆனால் பிரவுசரில் பார்த்தால் பல நேரம் ஸ்டீரியோதான் அனுப்புவார்கள். அதே தளம் டிவியில் ஆறும் கொடுக்கும். ஆறும் கிடைக்க அதிக வாய்ப்புள்ளவை டிவிடி, ப்ளூரே, அவற்றிலிருந்து எடுத்த ஃபைல்கள், அப்புறம் கம்ப்யூட்டர் விளையாட்டுகள். விளையாட்டுகளை அநேகமாக யாரும் சொல்வதில்லை, ஆனால் வெளி கார்டுக்குச் செலவழித்த காசு முழுமையாகத் திரும்பி வருவது அங்கேதான் என்பேன். முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு, வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு ஃபைலில் எத்தனை வாய்க்கால் என்று பார்க்க விஎல்சி பிளேயரில் டூல்ஸ், கோடெக் இன்ஃபர்மேஷன். ஆடியோ என்ற இடத்தில் சேனல்ஸ் என்று எழுதியிருக்கும். ஸ்டீரியோ என்றிருந்தால் பின்னால் மௌனம்தான் நியாயம். ஸ்டீரியோ பாட்டையும் ஆறில் பரப்பிக் கேட்க வேண்டும் என்று சிலர் ஆசைப்படுவார்கள். கார்டின் சொந்த சாஃப்ட்வேரில் அந்த வசதி இருக்கலாம். எனக்கு அது பிடிப்பதில்லை. பாடகி பின்னாலிருந்தும் பாடினால் கச்சேரி மேடையில் நாமே ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான கோளாறு ஒன்று உண்டு. படத்தில் இசை கேட்கும், மழை கேட்கும், வசனம் மட்டும் எங்கோ தூரத்தில் முணுமுணுக்கும். முன்பு நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன நடு வாய்க்கால் இப்போது வேலைக்கு வருகிறது. விண்டோஸில் 5.1 என்று சொல்லிவிட்டீர்கள், அதை நம்பி அது வசனத்தை நடு ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. ஆனால் நடு ஸ்பீக்கர் மாட்டப்படவில்லை, அல்லது ஆரஞ்சு பின் கழன்றிருக்கிறது. ஸ்டீரியோ என்றே விட்டிருந்தால் நடுவில் வருவதை இடது வலதில் கலந்து கொடுத்திருக்கும். ஆகவே இருக்கிற ஸ்பீக்கரை மட்டும் சொல்லுங்கள். நடு ஸ்பீக்கர் புகைந்துபோன செட் என்றால் பட்டியலில் குவாட்ராஃபோனிக் என்ற நான்கு ஸ்பீக்கர் அமைப்பு இருக்கும், அது போதும்.

எங்கே வைப்பது, ஏன் உறுமுகிறது

ஸ்பீக்கரை வைக்கும் இடம் பற்றி நீட்ட மாட்டேன். நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து நேராகத் திரையைப் பார்த்தால், முன் ஜோடி இருபுறமும் 30 டிகிரியில், பின் ஜோடி 100 முதல் 120 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேச வரையறை. அதாவது பின் ஸ்பீக்கர் உண்மையில் பின்சுவரில் அல்ல, காதுக்குச் சற்றுப் பின்னால் பக்கவாட்டில். நம் ஹாலில் அந்த இடத்தில் பீரோவோ வாசல் கதவோ இருக்கும். முடிந்த அளவு பாருங்கள்.

யூஎஸ்பி ஒலிக்கு ஒரு குணம் உண்டு. வழியில் ஒரு பொட்டலம் தொலைந்தால் திரும்பக் கேட்டு வாங்காது, விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். நேரத்துக்கு வருவதுதான் அங்கே முக்கியம். அதனால் அவ்வப்போது டப் டப் என்று வெடிக்கும் சத்தம் வந்தால், ஹார்ட் டிஸ்கும் வெப்கேமும் தொங்குகிற அதே யூஎஸ்பி ஹப்பில் கார்டையும் மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். லேப்டாப்பில் நேராகச் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ம்ம்ம் என்ற தொடர் உறுமல் வேறு ரகம். அது வந்தால் லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உடனே நின்றுவிட்டால் அது எர்த் சுற்று. லேப்டாப் ஒரு பிளக்கிலும் ஆம்ப்ளிஃபையர் வேறொரு பிளக்கிலும் எர்த் எடுக்க, நடுவில் ஆடியோ கேபிள் அந்த இரண்டையும் இணைத்து ஒரு வளையமாக்கிவிடுகிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் பாதிக் கேஸ்கள் தீரும். தீராதவற்றுக்கு ஆடியோ கேபிளுக்கு நடுவே மாட்டும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சின்னக் குப்பி இருக்கிறது, மூன்று கேபிளுக்கு மூன்று வேண்டியிருக்கலாம். சார்ஜரின் எர்த் பின்னை உடைத்துவிடுங்கள் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், ஷாக் அடிக்கும். எல்லாவற்றையும் கழற்றி, ஆம்ப்ளிஃபையரை மட்டும் ஓடவிட்டும் உறுமல் நிற்கவில்லையா? அப்படியென்றால் லேப்டாப்பின் மேலும் கார்டின் மேலும் குற்றமில்லை. பழைய செட்டுக்குள் கெப்பாசிட்டர் ஊதிப்போயிருக்கும், ரிப்பேர் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.